சொவேட்டோவின் சுவர்கள்

பயணம் சென்று திரும்புவோர் மலையழகையும் அருவியழகையும் எடுத்துரைப்பது வழக்கம். தென்னாப்பிரிக்க நாட்டிலிருந்து திரும்பிய என்னிடமும் உறவினர், சிங்கங்களைக் கண்டீரா, வைரச் சுரங்கங்களைக் கண்டீரா என்றே வினவினர். நான் கண்டு வந்தவையோ சுவர்கள்! ஓவியம் தீட்டிய சுவர்கள், குண்டு துளைத்த சுவர்கள், பெயர் பொறித்த சுவர்கள். அவற்றைப் பற்றி ஒருவரோடொருவர் கருத்து மாறுபட்டு நின்ற ஒரு பாட்டியையும் பேரனையும் கண்டேன். அவர்களுடைய பேச்சு, நான் மறந்துவிட்டதாக நினைத்திருந்த என் குற்றம் ஒன்றைக் கிளறிவிட்டது. அதனாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

என் தங்கை மகள் ஜோகன்னஸ்பர்க் நகரில் செவிலியாகப் பணிபுரிகிறாள். 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவள் இல்லத்தில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். நம் நாட்டில் ஆடிக் காற்று வீசும் அக்காலம், அங்கே கடுங்குளிர் காலம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் அமைந்த நகர் அது. "மாமா, ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கு நாம் சொவேட்டோவுக்குப் போவோம். ரெஜினா முண்டி கோயிலைக் காணாமல் நீங்கள் ஊர் திரும்பக் கூடாது" என்று முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள்.

இரு கோபுரங்கள்

சொவேட்டோ என்பது ஆப்பிரிக்கச் சொல் போல ஒலித்தாலும், மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயரே அது. 'தென்மேற்குக் குடியிருப்புகள்' என்பது அதன் பொருள். 1963-ஆம் ஆண்டில் அப்பெயர் வழக்குக்கு வந்தது. தங்கச் சுரங்கங்களிலும் வெள்ளையர் வீடுகளிலும் உழைப்பதற்குக் கருப்பின மக்கள் தேவைப்பட்டனர். ஆயின் அவர்கள் வெள்ளையரோடு நகருக்குள் குடியிருக்கலாகாது. ஆகவே அவர்களுக்கென்று நகருக்குத் தென்மேற்கே தீப்பெட்டிகளை அடுக்கினாற்போல் சிறு சிறு வீடுகள் கட்டப்பட்டன.

ஊருக்குள் நுழைவோர் கண்ணில் முதலில் படுபவை, ஓர்லாண்டோ மின்நிலையத்தின் இரு பெரிய குளிர்விப்புக் கோபுரங்கள். அந்நிலையம் 1998-இல் மூடப்பட்டுவிட்டது. அது இயங்கிய காலத்தில் அதன் மின்சாரம் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு ஒளி தந்தது. அதன் புகையைச் சுவாசித்துக்கொண்டு அடிவாரத்தில் வாழ்ந்த மக்களின் வீடுகளிலோ நெடுங்காலம் மெழுகுதிரியும் மண்ணெண்ணெய் விளக்குமே எரிந்தன. இன்று ஒரு கோபுரத்தைச் சுற்றிலும் சொவேட்டோ மக்களின் வாழ்க்கையைப் பல வண்ணங்களில் தீட்டியிருக்கிறார்கள். மற்றொரு கோபுரத்தை வணிக விளம்பரத்துக்கு விட்டிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே பார்வையில் கண்டபோது, ஊர்ச் சுவர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி என் மனத்தில் எழுந்தது. அன்று முழுவதும் அக்கேள்வி என்னை விடவில்லை.

உலக அரசியின் ஆலயம்

ரெஜினா முண்டி என்றால் இலத்தீனில் உலக அரசி என்று பொருள். 1964-இல் திறக்கப்பட்ட இவ்வாலயம் வெளித்தோற்றத்தில் அலங்காரம் ஏதுமற்றது. பெரிய களஞ்சியம் போன்றது. ஆனால் உள்ளே ஆயிரக்கணக்கானோர் கூடலாம். அரசியல் கூட்டங்களுக்கு அரசு தடை விதித்திருந்த நாட்களில், மக்கள் அச்சமின்றி ஒன்றுகூட எஞ்சியிருந்த இடங்களுள் ஒன்று இக்கோயில். இறந்தோருக்கான வழிபாடே துயரைச் சொல்லும் மேடையாகவும் ஆயிற்று. பிற்காலத்தில், உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் விசாரணைகளும் இவ்வாலயத்துக்குள் நடைபெற்றன. 1997-இல் அதிபர் நெல்சன் மண்டேலா, நவம்பர் 30-ஆம் நாளை ரெஜினா முண்டி நாளாக அறிவித்துச் சிறப்பித்தார்.

அன்றைய திருப்பலியில் பாடல் குழுவினர் பாடிய பாடல்களின் மொழி எனக்குப் புரியவில்லை. ஆயினும் கண்கள் கலங்கின. திருப்பலி முடிந்ததும், பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் ஆலயத்தைச் சுற்றிக் காட்ட முன்வந்தார். வயது அறுபதைக் கடந்தவர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நானும் ஆசிரியனாயிருந்து ஓய்வுபெற்றவன் என்று என் மருமகள் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

கூரையில் இருந்த குண்டுத் துளைகளைக் காட்டினார். மூலை உடைந்த பளிங்குப் பீடத்தைக் காட்டினார். 1976 ஜூன் 16 அன்று துப்பாக்கிச் சூட்டுக்குத் தப்பி ஓடிவந்த மாணவர்கள் இக்கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்தனர். காவலர் உள்ளேயும் நுழைந்து சுட்டனர். பலர் காயமுற்றனர், ஆயினும் கோயிலுக்குள் ஓர் உயிரும் போகவில்லை. அதை அன்னையின் பாதுகாப்பு என்றே பங்கு மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.

பின்னர் ஓர் ஓவியத்தின் முன் எங்களை நிறுத்தினார். லாரி ஸ்கல்லி என்ற ஓவியர் 1973-இல் தீட்டிய 'சொவேட்டோவின் அன்னையும் குழந்தையும்' என்ற படம் அது. அன்னை மரியாளும் குழந்தை இயேசுவும் கருப்பின மக்களாகவே காட்சி தருகின்றனர். கருப்பின மாணவர்களின் கல்விக்கு நிதி திரட்டுவதற்காக வரையப்பட்ட படம். ஹாரி ஓப்பன்ஹைமர் என்ற செல்வர் அதை வாங்கி இவ்வாலயத்துக்கு அளித்தார். படத்தின் கீழ்ப்பகுதியில் பெரிய கண் ஒன்று தெரிகிறது. அக்கண்ணின் மணி சொவேட்டோவாம். இரு புறமிருந்தும் அதைக் குத்த வரும் முட்கரண்டிகள் அவ்வூர் மக்களின் வேதனையாம். நடுவில் நிற்பது சிலுவை.

"கோயிலுக்குள் இருக்கும் இந்தப் படம் எனக்குப் புரிகிறது. தெருவில் இருக்கும் படங்கள்தாம் எனக்குப் பிடிப்பதில்லை" என்றார் அம்மையார். ஏன் என்று கேட்டேன். வந்து பாருங்கள் என்று எங்களோடு புறப்பட்டார்.

அந்தப் புதன்கிழமை

வழியில் அவர் சொன்னவற்றோடு, நூல்களிலும் அருங்காட்சியகத்திலும் நான் அறிந்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

கருப்பின மாணவர்கள் தம் பாடங்களில் பாதியை ஆப்பிரிக்கான்ஸ் மொழி வழியாகவே பயில வேண்டும் என்ற ஆணை 1974-இல் பிறந்தது. டச்சு மொழியிலிருந்து கிளைத்த அம்மொழி, ஆட்சியிலிருந்த வெள்ளையரின் மொழி. கணக்கும் சமூகவியலும் அதில்தான் கற்பிக்கப்பட வேண்டும் என்றார்கள். கற்பிக்கும் ஆசிரியர் பலருக்கே அம்மொழியில் தேர்ச்சியில்லை. 1965-ஆம் ஆண்டின் மொழிப் போராட்டத்தைக் கண்ட நமக்கு, இதை நீட்டி விளக்கத் தேவையில்லை அல்லவா?

1976 ஜூன் 16, புதன்கிழமை. மோரிஸ் ஐசக்சன், நலேடி முதலிய பள்ளிகளின் மாணவர்கள் காலையிலேயே சீருடையோடு வரிசை வரிசையாகப் புறப்பட்டனர். அட்டைப் பெட்டிகளைக் கிழித்து அவற்றில் தம் கோரிக்கைகளை எழுதியிருந்தார்கள். ஓர்லாண்டோ விளையாட்டரங்கில் கூடுவதே அவர்கள் எண்ணம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தெருவில் இருந்தனர். ஓர்லாண்டோ மேற்குப் பகுதியில் காவலர் வழிமறித்தனர். கண்ணீர்ப் புகை வந்தது. பிறகு குண்டுகள் வந்தன. பதினைந்து வயது ஹேஸ்டிங்ஸ் இன்ட்லோவுவும், பன்னிரண்டு வயது ஹெக்டர் பீட்டர்சனும் முதலில் வீழ்ந்தோருள் அடங்குவர்.

குண்டடிபட்ட ஹெக்டரை, முபுயிசா மகுபோ என்ற பதினெட்டு வயது இளைஞன் இரு கைகளிலும் ஏந்தி ஓடுகிறான். அருகே ஹெக்டரின் அக்காள் அன்டுவனெட், ஒரு கையை விரித்து அலறியபடி ஓடுகிறாள். சாம் இன்சீமா என்ற செய்திப் படப்பிடிப்பாளர் எடுத்த இந்தப் படத்தை உலகமே கண்டது. காவலர் கையில் சிக்காதபடி படச்சுருளைத் தம் காலுறைக்குள் ஒளித்து வைத்து அவர் காப்பாற்றினார். அதன் விளைவாகத் தம் வேலையை இழந்து சொந்த ஊருக்குச் சென்று முடங்க நேர்ந்தது. முபுயிசா நாட்டை விட்டே வெளியேறினார். 1978-இல் நைஜீரியாவிலிருந்து தாய்க்கு ஒரு கடிதம் வந்ததாம். அதன்பின் தாய் கண்மூடும் வரை மகனைக் காணவில்லை.

அன்று சினத்தீயில் மாண்ட வேறொருவரையும் குறிப்பிட்டாக வேண்டும். மெல்வில் எடல்ஸ்டீன் என்ற வெள்ளையர், சொவேட்டோ மக்களின் நலனுக்காக உழைத்த சமூகவியலறிஞர். துப்பாக்கிச் சூட்டால் கொதித்தெழுந்த கூட்டம் அவரைக் கொன்றது. அம்மையார் இதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. நம் பக்கத்து நியாயம் எவ்வளவு பெரிதாயினும் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்றார்.

ஆப்பிரிக்கான்ஸ் ஆணை அடுத்த திங்களே திரும்பப் பெறப்பட்டது. ஆனால் கலவரம் நாடெங்கும் பரவியது. 1977 பிப்ரவரி இறுதிக்குள் 575 பேர் உயிரிழந்ததாக அரசின் விசாரணை ஆணையமே கணக்கிட்டது. அக்காலத்தில்தான் கத்தோலிக்கத் துறவற சபையினர் பலர், வெள்ளையருக்கென்றே இருந்த தம் பள்ளிகளின் கதவுகளைச் சட்டத்தையும் மீறிக் கருப்பினப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டனர் என்பதை நாம் பெருமையோடு நினைவுகூரலாம்.

விலகாசி தெரு

மண்டேலா வாழ்ந்த வீடும் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் வீடும் விலகாசி தெருவிலேயே உள்ளன. சுற்றுலாப் பேருந்துகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஆனால் அத்தெருவின் பெயருக்குரியவரைச் சிலரே அறிவர். பெனடிக்ட் விலகாசி, ஜூலு மொழிக் கவிஞர். மரியன்ஹில் கத்தோலிக்க மடத்துப் பள்ளியில் பயின்றவர். தம் நாட்டுக் கருப்பினத்தவருள் முனைவர் பட்டம் பெற்ற முதல்வர் அவரே. தாய்மொழிக்கு உழைத்த ஓர் அறிஞர் பெயர் தாங்கிய தெருவுக்கருகிலேயே, அயல்மொழித் திணிப்பை எதிர்த்த பிள்ளைகள் வீழ்ந்தனர்!

தெருவெங்கும் ஓவியங்கள். மண்டேலா சிரிக்கிறார், டூட்டு சிரிக்கிறார். உணவகச் சுவர் ஒன்றில் ஹெக்டரை ஏந்திய முபுயிசா பெரிதாகத் தீட்டப்பட்டிருந்தார். அதன் அடியில் மேசைகள். மேசைகளில் வறுத்த இறைச்சி. வந்தவர்கள் ஓவியத்தின் முன் நின்று புன்னகைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதைத்தான் சொன்னேன்" என்றார் அம்மையார்.

அவர் மனக்குறையை அவர் சொன்ன முறையிலேயே சுருக்கித் தருகிறேன். அன்று அவருக்கு வயது பதினான்கு. அவரும் ஓர் அட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவருடைய அண்ணன், அதற்கு அடுத்த ஆண்டு, இரவில் சுவரில் எழுதியதற்காகக் காவலரால் பிடித்துச் செல்லப்பட்டார். ஐந்து திங்கள் கழித்துத் திரும்பி வந்தவர், முன்போல் பேசவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவர் எழுதியதைக் காவலர் மறுநாளே வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். அன்று எழுத்தை அழித்த அதே ஊரில் இன்று படத்தை வைத்து உணவு விற்கிறார்கள். "அந்தப் பையன் சாகும்போது பசியோடு இருந்தானா, உண்டிருந்தானா என்று யாருக்குத் தெரியும்? எங்களோடு ஓடியவர்களில் ஒருவன் மட்டும் எல்லாச் சுவர்களிலும் இருக்கிறான். மற்றவர்களின் பெயரை யார் கேட்கிறார்கள்?"

இதற்குள் அவருடைய பேரன் அங்கு வந்து சேர்ந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். சுவரோவியம் வரைவதே அவன் தொழில். எதிர்ச் சுவரில் அவன் வரைந்த படம் ஒன்றும் இருந்தது. பாட்டியின் வாதத்தைப் பலமுறை கேட்டவன் போலப் பணிவோடு நின்றான். பிறகு தன் பக்கத்தைச் சொன்னான்.

சுற்றுலா வருவோரை அவன் வெறுக்கவில்லை. வேலையின்மை மிகுந்த ஊரில் அந்த மேசைகளே பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன என்றான். பெரியப்பாட்டன் எழுதியபோது அது குற்றம். தான் வரையும்போது கூலி தருகிறார்கள். கூலி வாங்கியதாலேயே ஒரு படம் பொய்யாகிவிடுமா என்று கேட்டான். கோயிலில் உள்ள அன்னையின் படத்தையும் ஒரு செல்வர் பணம் கொடுத்துத்தானே வாங்கினார் என்றான். அம்மையார் அதற்கு மறுமொழி சொல்லவில்லை.

பின்பு அவன் தாழ்ந்த குரலில் சொன்னான்: "பாட்டி, அந்த நாளைப் பற்றி நீங்கள் எங்களுக்கு வீட்டில் ஒருமுறையாவது சொன்னதுண்டா? நான் சிறுவனாயிருந்தபோது இந்தச் சுவரைப் பார்த்துத்தான், யார் இந்தப் பையன் என்று கேட்டேன். பெரியப்பாட்டன் சிறையில் இருந்தது எனக்கு இன்றுதான் தெரியும். அதுவும் வெளிநாட்டு விருந்தினரிடம் நீங்கள் சொன்னதால்."

சற்று நேரம் யாரும் பேசவில்லை.

எரிந்த சிலைகள், எரிந்த படங்கள்

தெருக்கலையைப் பற்றிய இந்த வழக்கு அவ்வூருக்குப் புதிதன்று. கிரெடோ முட்வா என்பவர், ஆப்பிரிக்கப் பழங்கதைகளின் உருவங்களைச் சிலைகளாக வடித்து, 1974 முதல் சொவேட்டோவில் ஒரு சிற்றூரையே அமைத்தார். அவர் வெள்ளையர் ஆட்சிக்குச் சார்பாகப் பேசினார் என்று நம்பிய மாணவர்கள் 1976-இல் அதன் ஒரு பகுதிக்குத் தீ வைத்தனர். எஞ்சியதும் பின்னர் செப்பனிடப்பட்டதும் இன்று ஊரார் போற்றும் காட்சியிடமாயிருக்கின்றன.

நாற்பது ஆண்டுகள் சென்றன. 2016 பிப்ரவரியில், கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் தங்குமிடக் குறைபாட்டை எதிர்த்துப் போராடிய மாணவர்கள், சுவர்களில் தொங்கிய ஓவியங்களை வெளியே கொணர்ந்து கொளுத்தினர். பழைய ஆதிக்கத்தின் அடையாளங்கள் என்று எண்ணி எரித்தவற்றுள், கெரெசெமோசே ரிச்சர்டு பகோலோ என்ற கருப்பின ஓவியரின் படைப்புகளும் இருந்தன. தம் மக்களின் போராட்டத்தையே வரைந்தவர் அவர்! சினம் கொண்ட கை எதையும் படித்துப் பார்ப்பதில்லை. வெள்ளையடிக்கும் கையும் படித்துப் பார்ப்பதில்லை.

பெயர்கள்

ஹெக்டர் பீட்டர்சன் நினைவிடமும், 2002 ஜூன் 16 அன்று திறக்கப்பட்ட அருங்காட்சியகமும் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. அதன் முற்றத்தில், அந்நாட்களில் இறந்த பிள்ளைகளின் பெயர்களைத் தாங்கிய கற்கள் சிதறிக் கிடக்கின்றன. வண்ணம் இல்லை, உருவமும் இல்லை, பெயர்கள் மட்டுமே. அம்மையார் குனிந்து ஒரு கல்லைத் தொட்டார். தம் வகுப்பில் படித்தவள் என்று சொன்னார். பேரன் அப்பெயரை வாய்விட்டுப் படித்தான்.

எழுந்து நின்றதும் பேரனைப் பார்த்து அவர் சொன்னது இது: "நீ வரைய வேண்டுமானால் இறந்த பையனை இனி வரையாதே. எங்கள் வகுப்பறையை வரை. கரும்பலகையில் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ஒரு கணக்கு. அதை எப்படி விளக்குவது என்று தெரியாமல், சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்தபடி எங்கள் ஆசிரியர் நிற்கிறார். நாங்கள் அறுபது பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் கண்ணில் நீர் நின்றதை நான் பார்த்தேன். அங்கேதான் எல்லாம் தொடங்கியது."

அப்படத்துக்கு யார் பணம் தருவார்கள் என்று பேரன் சிரித்துக்கொண்டே கேட்டான். "வண்ணம் நான் வாங்கித் தருகிறேன்" என்றார் பாட்டி.

ஊருக்குத் திரும்புமுன், ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபொன்டெய்ன் கல்லறைத் தோட்டத்துக்கும் சென்றேன். அந்நகரில் பிறந்து, காந்தியடிகளின் அறப்போரில் சிறை புகுந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறை அங்கே இருக்கிறது. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளின் துணிவு அம்மண்ணுக்குப் புதிதன்று. நம் இனத்துக்கும் புதிதன்று.

என் கணக்கு

இனி, தொடக்கத்தில் சொன்ன குற்றத்துக்கு வருகிறேன். எண்பதுகளில் நான் ஒரு பள்ளியில் ஆசிரியனாகவும் மாணவர் விடுதியின் கண்காணிப்பாளனாகவும் இருந்தேன். ஒரு நாள் காலை, விடுதியின் மதிற்சுவரில் கரித்துண்டால் பெரிதாக எழுதியிருந்தது. சோற்றில் புழு என்ற இரண்டே சொற்கள். எழுதியவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் என்று கண்டுபிடித்தேன். சுண்ணாம்பு வாளியைக் கொடுத்து, மாணவர் அனைவரும் பார்க்க அவனையே அந்தச் சுவர் முழுவதையும் வெள்ளையடிக்கச் செய்தேன். சுவர் தூய்மையாயிற்று; நானும் மனநிறைவு கொண்டேன். அடுத்த வாரம் அவன் ஊருக்குப் போனான். பின்பு பள்ளிக்குத் திரும்பவே இல்லை.

அவன் எழுதியது உண்மையா என்று நான் சமையலறைக்குச் சென்று பார்க்கவில்லை. சுவர் கெட்டதே என் கண்ணில் பட்டது. சோறு கெட்டது படவில்லை. அப்பிள்ளை இன்று ஐம்பதைக் கடந்திருப்பான். ஊர் திரும்பியதும் பழைய மாணவர் சிலரிடம் விசாரித்தேன், இருக்குமிடம் தெரியவில்லை. இம்மடல் எப்படியாவது அவன் கைக்கு எட்டுமாயின், வயது முதிர்ந்த இந்த ஆசிரியன் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

சுவரில் எழுதுவதெல்லாம் நன்று என்று நான் சொல்லவில்லை. பிறர் வீட்டுச் சுவரை அழுக்காக்குவது பிழைதான். அம்மையாரின் குறையிலும் நியாயம் உண்டு. பேரனின் வழக்கிலும் நியாயம் உண்டு. ஆனால் வெள்ளையடிக்கும் முன் அங்கே எழுதியிருப்பதை ஒருமுறை படித்துவிடுவோம். நம் பிள்ளைகள் சுவரைப் பார்த்துக் கேட்கும் வரை காத்திராமல், நாம் கண்டதையும் பட்டதையும், தவறியதையும்கூட, இரவுச் செபமாலை முடிந்தபின் அவர்களுக்குச் சொல்வோம்.

சில திங்கள் கழித்து என் மருமகள் ஒரு நிழற்படம் அனுப்பியிருந்தாள். சொவேட்டோவில் ஏதோ ஒரு சிறு சந்தின் சுவர். கரும்பலகை, ஆசிரியர், சுண்ணக்கட்டி, பிள்ளைகள். எண்ணிப் பார்த்தேன். அறுபது பேர் இல்லை. இடம் போதவில்லை போலும். ஆயினும் கடைசி வரிசையில், ஒரு சிறுமியின் கையில், ஒரு துண்டு அட்டை இருந்தது.